தாய்லாந்து கல்வி: விக்கிபீடியா கட்டுரை ஒன்றைத் திருத்திப் பார்ப்போமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. எதையாவது தேடினால், முடிவுகளின் மேல் பகுதியில் பெரும்பாலும் விக்கிபீடியா வந்து நிற்கிறது. பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திற்கும், பொது அறிவுப் போட்டிக்கும் அதிலிருந்துதான் குறிப்பு எடுக்கிறோம். ஆனால் அதன் பக்கங்களின் மேலே 'எடிட்' என்று ஒரு டேப் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் "நமக்கெதற்கு வம்பு" என்று அதனைத் தொடுவதில்லை.

2001 ஆம் ஆண்டு ஜனவரி 15ல் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்ட இந்தக் கலைக்களஞ்சியம், 2003 முதல் தமிழிலும் இயங்கி வருகிறது. இதில் எழுதுபவர்களும் திருத்துபவர்களும் நம்மைப் போன்ற சாதாரணமானவர்களே. புதிய கட்டுரை எழுதுவது கடினம் என்று நினைப்பவர்கள், ஏற்கனவே உள்ள ஒரு கட்டுரையைச் சீர் செய்யலாம். அதற்கு மொழிப் புலமையை விடப் பொறுமைதான் அதிகம் தேவை. எதைப் பார்க்க வேண்டும், எப்படிச் சரி செய்திட வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் இங்கு காணலாம். எடுத்துக்கொள்ளும் பொருள், தாய்லாந்தின் கல்வி முறை.

ஏன் தாய்லாந்து?

காரணம் உண்டு. இந்த நாட்டில் கல்விச் சட்டம், அமைச்சகம், நுழைவுத் தேர்வு என எல்லாமே பல முறை மாறியிருக்கின்றன. ஆண்டுக் கணக்கும் நம்முடையது போன்றது அல்ல. எனவே ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் என்னென்ன தவறுகள் நுழைய முடியுமோ, அவ்வளவும் நுழைய இங்கு வாய்ப்பு உண்டு. இந்த ஒன்றில் பழகிவிட்டால், எந்த நாட்டைப் பற்றிய கட்டுரையையும் திருத்தலாம்.

இத்தகைய கட்டுரையைப் படிப்பவர்கள் யார் என்றும் எண்ணிப் பாருங்கள். அங்கு வேலை மாற்றலாகிச் செல்லும் குடும்பம், ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர், கட்டுரைப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் எனப் பலரும் இருப்பர். "என் பிள்ளைக்கு எத்தனை ஆண்டு கட்டணம் இல்லாமல் படிப்பு கிடைக்கும்?" என்பது அந்தக் குடும்பத்திற்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

1. 'தற்போது' என்ற சொல்லைத் தேடுங்கள்

கட்டுரையைத் திறந்தவுடன் கீபோர்டில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் கீயைத் தட்டவும். சிறிய தேடல் கட்டம் ஒன்று கிடைக்கும். அதில் 'தற்போது', 'அண்மையில்', 'விரைவில்', 'இந்த ஆண்டு' போன்ற சொற்களை ஒவ்வொன்றாக டைப் செய்து தேடுங்கள். ஆங்கிலக் கட்டுரை என்றால் அவற்றிற்கு இணையான ஆங்கிலச் சொற்களைத் தரவும். எழுதிய நாளில் சரியாக இருந்து, பின்னர் பழசாகிப் போன வாக்கியங்கள் பெரும்பாலும் இந்தச் சொற்களைச் சுற்றித்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, பல்கலைக்கழகச் சேர்க்கை. தாய்லாந்தில் 2018 ஆம் ஆண்டு 'டிசிஏஎஸ்' என்ற சேர்க்கை முறை நடைமுறைக்கு வந்தது. அதற்குள்ளும் மாற்றம் தொடர்ந்தது. ஜிஏடி, பிஏடி என்ற திறனறித் தேர்வுகளின் இடத்தை, 2023 சேர்க்கையிலிருந்து டிஜிஏடி, டிபிஏடி என்ற தேர்வுகள் பிடித்தன. "மாணவர்கள் தற்போது ஜிஏடி தேர்வு எழுதுகிறார்கள்" என்று ஒருவர் 2015ல் எழுதியிருந்தால், அன்று அது சரி. இன்று தவறு.

இதைச் சரி செய்திட, 'தற்போது' என்பதை நீக்கிவிட்டு ஆண்டைக் கொடுங்கள். "2018 முதல்", "2022 வரை" என்று எழுதினால் அந்த வாக்கியம் பத்து ஆண்டுகள் கழிந்தாலும் பொய்யாகாது. ஒரு கட்டுரைக்கு நீங்கள் செய்யக்கூடிய எளிதான, அதே நேரத்தில் மிகப் பயனுள்ள திருத்தம் இதுதான்.

2. 9, 12, 15: எது சரி?

"தாய்லாந்தில் எத்தனை ஆண்டுகள் இலவசக் கல்வி?" என்று தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 9 என்று இருக்கும். இன்னொரு இடத்தில் 12 என்பார்கள். வேறொன்றில் 15 எனப் படிக்கலாம். இவற்றில் ஒன்றுதான் சரி, மற்றவை தவறு என்று அழிக்கத் தொடங்கிவிடாதீர்கள். எல்லாமே சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது.

முதலில் பள்ளி அமைப்பைப் புரிந்துகொள்வோம். 'பிரதோம்' எனப்படும் தொடக்கக் கல்வி 6 ஆண்டுகள். 'மத்தயோம்' எனப்படும் இடைநிலைக் கல்வி, 3 ஆண்டுகள் கொண்ட இரு பகுதிகள். ஆக 6+3+3. இந்த அமைப்பு 1978 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்றாம் மத்தயோம் முடித்தவர்கள் பொதுக் கல்வியைத் தொடரலாம். அல்லது 3 ஆண்டு தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்பில் சேரலாம்.

இப்போது எண்களுக்கு வருவோம்.

1999 ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம், குறைந்தது 12 ஆண்டுகள் அடிப்படைக் கல்வியைக் கட்டணம் இன்றி அரசு தர வேண்டும் என்றது. இந்த 12, தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் சேர்ந்தது.

அதே சட்டம் கட்டாயக் கல்வி 9 ஆண்டுகள் என்றது. 2002ல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 9 என்பது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கடமை. இலவசமாகப் படிக்கும் உரிமையின் அளவு அல்ல.

2009ல் அரசு '15 ஆண்டு இலவசக் கல்வி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் மழலையர் கல்வியின் 3 ஆண்டுகள் சேர்க்கப்பட்டன. 3+6+3+3 என்று கூட்டினால் 15 கிடைக்கும். பாடக் கட்டணம், பாடநூல், எழுதுபொருள், சீருடை, மாணவர் செயல்பாடுகள் ஆகிய ஐந்திற்கும் அரசு பணம் தந்தது.

2017ல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 54 ஆம் பிரிவிலும் 12 ஆண்டுகள் என்றே உள்ளது. ஆனால் இது 1999ன் 12 அல்ல. மழலையர் கல்வியில் தொடங்கி, கட்டாயக் கல்வி முடியும் வரையிலான 12 ஆண்டுகள். அதாவது 3+9. மேல்நிலையின் கடைசி 3 ஆண்டுகள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

எண் ஒன்றுதான், பொருள் வேறு. "1999 முதல் 12 ஆண்டு இலவசக் கல்வி தொடர்கிறது" என்று ஒருவர் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால், படிப்பவருக்கு எந்தத் தவறும் தெரியாது. ஆனால் மேல்நிலை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு அது தவறான செய்தி. எனவே எண்ணை மட்டும் எழுதாமல், எந்தச் சட்டம் அல்லது திட்டம், எந்த ஆண்டு, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்ற மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

3. 543ஐக் கழித்தால் போதுமா?

தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு வழக்கத்தில் உள்ளது. அந்த நாட்டு ஆவணத்தில் 2542 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். 543ஐக் கழித்தால் 1999 என விடை கிடைக்கும். மேலே பார்த்த தேசியக் கல்விச் சட்டத்தின் ஆண்டு இதுதான்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு சரியாக வராது. 1941க்கு முன்பு தாய்லாந்தில் புத்தாண்டு ஜனவரி 1 அன்று பிறக்கவில்லை; ஏப்ரல் 1 அன்று பிறந்தது. ஆகவே அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு 543க்குப் பதிலாக 542ஐக் கழிக்க வேண்டும்.

நாட்டின் முதல் பல்கலைக்கழகமான சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகம், புத்த ஆண்டு 2459ன் மார்ச் 26 அன்று நிறுவப்பட்டது. கால்குலேட்டரில் 543ஐக் கழித்தால் 1916 என்று வரும். சரியான ஆண்டு 1917. எங்காவது 1916 என்று கண்டால், தவறு எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கு பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை செல்கிறது. எனவே 2566 ஆம் கல்வி ஆண்டின் மாணவர் எண்ணிக்கை என்றால் அது 2023-24க்கு உரியது. தாய் மொழிச் சட்டங்களில் எண்களும் தாய் எழுத்திலேயே அச்சிடப்படுவது உண்டு. மொழிபெயர்ப்பு புரோகிராம் தரும் எண்ணை அப்படியே நம்பாமல், மூலத்துடன் ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

4. எந்த அமைச்சகம்?

பழைய கட்டுரைகளில் 'பல்கலைக்கழக விவகார அமைச்சகம்' என்ற பெயரைக் காணலாம். 2003ல் அது கல்வி அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர் 2019 மே மாதத்தில் உயர்கல்வி மீண்டும் பிரிக்கப்பட்டு, உயர்கல்வி, அறிவியல், ஆராய்ச்சி, புத்தாக்க அமைச்சகம் என்று தனியாக அமைந்தது. ஆக ஒரே பல்கலைக்கழகம் 2002ல் ஓர் அமைச்சகத்திலும், 2010ல் வேறொன்றிலும், 2020ல் மூன்றாவது ஒன்றிலும் இருந்திருக்கிறது.

இதைத் திருத்தும்போது பழைய பெயரை எல்லா இடத்திலும் அழித்துப் புதிய பெயரைப் போடுவது தவறு. 1990களைப் பற்றிய பத்தியில் பழைய பெயர்தான் இருக்க வேண்டும். பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வசதியில் மொத்தமாக மாற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து மாற்றுங்கள்.

5. மதிப்பெண்களைச் சொல்வது எப்படி?

கல்விக் கட்டுரைகளில் அதிகம் சண்டை நடப்பது தரம் குறித்த பத்தியில்தான். "தாய்லாந்தில் கல்வித் தரம் மிக மோசம்" என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் கோபத்துடன் வந்து அதை அழிப்பார். இருவருமே ஆதாரம் தந்திருக்க மாட்டார்கள்.

ஓஇசிடி அமைப்பு நடத்தும் பிசா தேர்வு 15 வயது மாணவர்களுக்கானது. 2022 தேர்வில் தாய்லாந்து மாணவர்களின் சராசரி, கணிதத்தில் 394, வாசிப்பில் 379, அறிவியலில் 409. ஓஇசிடி நாடுகளின் சராசரி முறையே 472, 476, 485. 2018 தேர்வில் தாய்லாந்து பெற்றவை 419, 393, 426.

இந்த எண்களைத் தந்துவிட்டால் 'மோசம்' என்ற சொல்லே தேவையில்லை. சரிவு எவ்வளவு என்று படிப்பவரே புரிந்துகொள்வார். அதேபோல் இது 15 வயதினருக்கான தேர்வு என்பதையும் எழுத வேண்டும். பல்கலைக்கழகத் தரத்தையோ, தொடக்கப் பள்ளித் தரத்தையோ இந்த எண்கள் சொல்வதில்லை. உங்கள் கருத்தை எழுதக் கூடாது என்பது விக்கிபீடியாவின் அடிப்படை விதி. அந்த விதி ஏன் என்பது இங்கு தெளிவாகத் தெரிகிறது.

6. விட்டுப் போனது எது?

இருக்கும் தவறுகளைத் திருத்துவது ஒரு பாதி வேலை. இல்லாததைக் கண்டுபிடிப்பது மறு பாதி. இதுதான் கடினம்.

தாய்லாந்தில் மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்கள் மிகுதி. அவர்களின் பிள்ளைகள் பலருக்கு அடையாள ஆவணங்கள் கிடையாது. அந்தப் பிள்ளைகள் பள்ளியில் சேரலாமா? சேரலாம். 2005 ஜூலை 5 அன்று தாய்லாந்து அமைச்சரவை எடுத்த முடிவின்படி, ஆவணம் இல்லாத பிள்ளைகளும், தாய்லாந்துக் குடியுரிமை இல்லாத பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்க உரிமை பெற்றனர்.

உரிமை இருந்தும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்வதில்லை. மொழி தெரியாமை, பெற்றோர் வேலை தேடி இடம் மாறுவது போன்ற தடைகள் உள்ளன. மியன்மார் எல்லையில் உள்ள மே சோட் பகுதியில், தன்னார்வக் குழுக்கள் நடத்தும் கற்றல் மையங்களில் பல பிள்ளைகள் படிக்கின்றனர்.

பள்ளி அமைப்பு, தேர்வு, பல்கலைக்கழகம் என்று பத்துப் பத்திகள் இருந்து, இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் அந்தக் கட்டுரை முழுமையானதா? இந்த ஒரு வரியைத் தேடி வரும் உதவியாளரோ ஆசிரியரோ வெறும் கையுடன் திரும்புவார். "சேர்க்க முடியாது போலிருக்கிறது" என்றும் நினைத்துவிடலாம். எந்தக் கட்டுரையைத் திருத்தினாலும், இதில் யாரைப் பற்றிப் பேசவே இல்லை என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்?

ஆதாரம் இல்லாத செய்தியை விக்கிபீடியாவில் யார் வேண்டுமானாலும் நீக்கலாம். தாய்லாந்தின் சட்டங்கள் அந்நாட்டு அரசிதழில் வெளியாகின்றன. அரசுத் தளங்களின் முகவரி 'டாட் கோ டாட் டிஎச்' என்றும், கல்வி நிறுவனங்களின் முகவரி 'டாட் ஏசி டாட் டிஎச்' என்றும் முடியும். தாய் மொழி தெரியாதவர்கள், ஓஇசிடியும் யுனெஸ்கோவும் இணைந்து 2016ல் தாய்லாந்து கல்வி குறித்து வெளியிட்ட ஆங்கில அறிக்கையிலிருந்து தொடங்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சில பத்திரிகைச் செய்திகளே விக்கிபீடியாவைப் பார்த்து எழுதப்பட்டவையாக இருக்கும். அதையே ஆதாரமாகக் காட்டினால், தவறு தனக்குத் தானே சாட்சி சொன்னதாகிவிடும். கட்டுரையின் 'வியூ ஹிஸ்டரி' டேப்பில் கிளிக் செய்து, அந்த வாக்கியம் எந்த நாளில் சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். ஆதாரமாகக் காட்டப்படும் செய்தி அதற்குப் பின்னர் வந்தது என்றால், வேறு ஆதாரத்தையும் தேடவும்.

கொடுக்கப்பட்ட லிங்க் திறக்கவில்லை என்றால் உடனே அதை நீக்கிவிட வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்தால், பழைய பிரதி கிடைக்க வாய்ப்புண்டு.

திருத்தும் வழி

இனி செயலில் இறங்கலாம். பட்டன்களின் பெயர்கள் ஆங்கிலப் பதிப்பில் உள்ளவாறு தரப்பட்டுள்ளன.

1. முதலில் உங்களுக்கென ஓர் அக்கவுண்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. சொந்தப் பெயரைத் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2. 'சாண்ட்பாக்ஸ்' என்ற பக்கத்தில் எழுதிப் பழகவும். அங்கு என்ன தவறு செய்தாலும் எந்தக் கட்டுரைக்கும் பாதிப்பு இல்லை.

3. கட்டுரையின் 'டாக்' பக்கத்தைப் படியுங்கள். நீங்கள் மாற்ற நினைப்பதைப் பற்றி ஏற்கனவே அங்கு விவாதம் நடந்திருக்கலாம். பெரிய மாற்றம் என்றால் அங்கு சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது.

4. 'எடிட்' கிளிக் செய்திடவும். சில கட்டுரைகளில் இதற்குப் பதிலாக 'வியூ சோர்ஸ்' என்று இருக்கும். அவை பாதுகாக்கப்பட்டவை. அவற்றிற்கு டாக் பக்கத்தில் வேண்டுகோள் மட்டும் வைக்கலாம்.

5. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். பத்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், ஒன்று தவறு என்றாலும் பத்தும் சேர்ந்து நீக்கப்படலாம்.

6. 'சைட்' பட்டனை அழுத்தி ஆதாரத்தைத் தரவும்.

7. 'எடிட் சம்மரி' கட்டத்தில் என்ன செய்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதவும். "புத்த ஆண்டுக் கணக்கு சரி செய்யப்பட்டது" என்பது போதும்.

8. முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டு, 'பப்ளிஷ் சேஞ்சஸ்' அழுத்தினால் வேலை முடிந்தது.

செய்யக் கூடாதவை

வேறு தளத்திலிருந்து பத்திகளைக் காப்பி செய்து ஒட்டக் கூடாது. அது காப்புரிமை மீறல். செய்தியை எடுத்துக்கொண்டு, உங்கள் சொற்களில் எழுத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களிடம் எழுதி வாங்கி அப்படியே போடுவதும் வேண்டாம். அவை இல்லாத நூலையும் இல்லாத அறிக்கையையும் ஆதாரமாகக் காட்டிவிடுவது உண்டு. அந்தப் புரோகிராம்களே விக்கிபீடியாவைப் படித்துக் கற்றுக்கொண்டவை என்பதையும் மறக்க வேண்டாம். இன்று நீங்கள் சரி செய்யாமல் விடும் ஒரு ஆண்டு, நாளை அவற்றின் பதிலிலும் தவறாகவே வரலாம்.

உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கிவிட்டால் கோபப்பட்டு மீண்டும் மீண்டும் போடாதீர்கள். டாக் பக்கத்தில் காரணம் கேளுங்கள். கட்டுரை கெட்டுப் போய்விடுமோ என்ற பயமும் தேவையில்லை. ஒவ்வொரு பழைய பிரதியும் ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கிளிக்கில் மீட்டுவிடலாம்.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமா? மேலே கண்ட செய்திகளை ஆதாரத்துடன் தமிழ் விக்கிபீடியாவில் எழுதலாம். தமிழில் டைப் செய்யத் தெரிந்திருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரே ஒரு 'தற்போது'வை நீக்கி, அதன் இடத்தில் ஆண்டைப் போட்டுப் பாருங்கள்.